திங்கள், புதன், வெள்ளி

சத்தம் கேட்டா அமுத்தோணும், கேக்காட்டி அமுத்தக் கூடாது, அவ்வளவுதானுங்கம்மா, பயப்படறதுக்கு ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லீட்டு அந்தப் புள்ள கதவைச் சாத்தீட்டுப் போயிருச்சு. பயமாம். இந்த மயிலாத்தாளுக்கு. அறுபத்தொண்ணு முடிஞ்சுது, முப்பத்தோரு வருசம் மில்லுல ஸ்பின்னிங்ல நின்னவ, நாலு தடவ சாவை எட்டிப் பாத்துட்டுத் திரும்பி வந்தவ, ஒரு பொத்தானை அமுத்தறதுக்குப் பயப்படுவனா. பொட்டி என்னமோ நம்மூட்டு பாத்ரூம் அகலம்தான் இருக்குது. சுவரு பூரா ஓட்டை ஓட்டையா மெத்து மெத்துனு அட்டை ஒட்டியிருக்காங்க, தொட்டா பஞ்சாட்டம் அமுங்குது, பஞ்சுன்னு நெனச்சதும் மூக்கு தானா அரிக்குது பாரு. எதுத்தாப்பல கண்ணாடி சன்னல். அதுக்கு அந்தப் பக்கம் மிசினை வெச்சுட்டு அந்தப் புள்ள உக்காந்திருக்குது. ஷமீனா, சட்டையில பேரு குத்தியிருக்குது. நான் அமுத்துனா அது மிசின்ல பச்சை லைட் எரியுமாம். மிசினோட மூஞ்சி அதுக்குத்தான் தெரியும், எனக்கு முதுகுதான் தெரியுது, ஆனா லைட் எரியறப்ப அது போட்டிருக்கற மூக்குக் கண்ணாடியில ஒரு பச்சைப் புள்ளி வருது. காது ரெண்டுலயும் கிண்ணியைக் கவுத்தாப்பல மாட்டி உட்டிருக்காங்க. அந்தப் புள்ளைக்குப் பின்னால, பெஞ்சுல, போனை நோண்டிக்கிட்டு என்ற பையன் பூபதி. பெங்களூர்ல இருந்து லீவு போட்டுட்டு வந்திருக்கறான். இந்தக் காதுப் பரீட்சையில நான் பாஸாகோணும். பாஸானா மாத்திரை. ஆகாட்டி பெங்களூரு. அவ்வளவுதான் சமாச்சாரம்.

வந்துருச்சு, அமுத்தியாச்சு. கொசு பறக்கறாப்பல ஒரு சத்தம். மறுபடியும் அமுத்தியாச்சு. இதுல என்னத்தைப் பெருசா இருக்குது. அந்தப் புள்ள ஒரு திருகைத் திருகுது, புருவம் லேசா மேல போகுது, உடனே எனக்குக் கேக்குது, அமுத்தறேன், கண்ணாடியில பச்சைப் புள்ளி. போன ஆடியில இருந்து இந்த வைகாசிக்குள்ள நாலு தடவ ஆஸ்பத்திரியில படுத்துட்டேன். நுரையீரல் வியாதிதான், பஞ்சுத் தூசியும் அடுப்புப் புகையும் சேந்து உள்ள குடியிருக்குது, சளிபிடிச்சா போதும், மத்தவங்களுக்குத் தும்மல், எனக்கு மாஸ்க்கும் ஆக்சிஜனும். உறிஞ்சற மருந்து ரெண்டு வேளையும் தவறாம உறிஞ்சறேன், அப்படியிருந்தும் வருது. அதுக்குத்தான் டாக்டர் இளங்கோவன் இந்த மாத்திரையைச் சொன்னாரு. அவரு மாஸ்க்குக்குள்ள என்னத்தையோ முணுமுணுன்னாரு, எனக்கு அரையும் கொறையுமாத்தான் வெளங்குச்சு, பொறவு பூபதி பெஞ்சுல எதுக்க உக்கார வெச்சு எடுத்துச் சொன்னான். ஆன்டிபயாடிக்தானாம். சளி முத்துன பொறவு அஞ்சு நாளைக்கு முழுங்கறோமே அந்தச் சாதிதான், ஆனா இதை வர்றதுக்கு முந்தியே முழுங்கோணுமாம், வாரத்துல மூணு நாளு, ஒரு வருசத்துக்கு. எல்லாருக்கும் குடுக்கறதில்லையாம். கண்டபடி குடுத்தா கிருமி பழகிக்கும், அப்புறம் நெசமா வேணும்ங்கறப்ப மருந்து ஏறாதாம். சளியில டி.பி. இருக்கக் கூடாது, இல்லைன்னு வந்துருச்சு. நெஞ்சு துடிக்கறது ஒழுங்கா இருக்கோணும், ஈசிஜி எடுத்துப் பாத்து சரின்னுட்டாங்க. காது நல்லா இருக்கோணும், ஏன்னா சில பேருக்கு இந்த மாத்திரை காதைத் தின்னுருமாம். எனக்கு இதுல ஒரு ஆச்சரியமும் இல்லை. ஸ்பின்னிங்ல நல்ல கையின்னா நூல் அறுந்த பொறவு ஓடிப் பிணைக்கறவ இல்லை, அறுந்துபோகப் போற இழையைப் பாத்தே கண்டுபிடிச்சுப் போய் நிக்கறவதான். நான் அப்படிக் கையி. குடுங்க சார்னு அப்பவே சொல்லீட்டேன். பூபதிதான், சும்மா சும்மா ஆன்டிபயாடிக் போட்டா ஒடம்பு என்னத்துக்கு ஆகறது, இன்னொருக்கா நீ ஆஸ்பத்திரியில படுத்தா ஊட்டைப் பூட்டிட்டு உன்னைக் கூட்டிட்டுப் போயிருவேன், நான் சொல்றதைச் சொல்லீட்டேன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டான்.

பெங்களூர்ல அவன் ஊடு பதினோராவது மாடி. போயிப் பாத்திருக்கறேன், பதினஞ்சு நாளு. நிர்மலா நல்ல புள்ளதான், மருமகள்னு ஒரு கொறை சொல்ல மாட்டேன், தட்டுல சோத்தைப் போட்டுத் தலையணையைத் தட்டிக் குடுக்கும். ஆனா அங்க சன்னலைத் தொறந்தா எதுக்க ஒரு கட்டடம், அதுல நூறு சன்னல், ஒரு சன்னல்லயாச்சும் ஒரு மனுசி என்னைப் பாத்துக் கையைத் தூக்குவாளா. இங்க சிங்காநல்லூர்ல என்ற ஊட்டு மாடிப்படியில நின்னா ரோட்டுக்கு அந்தப் பக்கம் ராஜாமணி. முப்பத்தோரு வருசமும் என்ற பக்கத்து மிசின். நடுவுல பஸ்ஸு, லாரி, ஆட்டோ எல்லாம் போயிட்டு இருக்கும், நாங்க பாட்டுக்குப் பேசிட்டு இருப்போம். வாயே தொறக்க மாட்டோம். கையிலதான். மில்லுச் சத்தத்துல கத்துனா காதுக்குள்ள போய்க் கத்தோணும், யாருக்கு ஆகும் அது, அதனால கையிலயே பேசிப் பழகிட்டோம், மேல் உதட்டைத் தடவுனா மேஸ்திரி வாரான், மணிக்கட்டைத் தட்டுனா நேரம் என்னாச்சு, வவுத்துல ரெண்டு தட்டு தட்டுனா பசிக்குது, கன்னத்துல விரலை வெச்சா அவளுக்கு மாப்பிள்ளை பாத்தாச்சு. மீதியை வாயைப் பாத்துத் தெரிஞ்சுக்கறது. பத்து மிசின் தள்ளி நிக்கறவ என்ன பாட்டுப் பாடறாங்கறதுகூடச் சொல்லீருவேன். அந்த அக்கப்போரு இருக்குதே, ரெண்டு ஷிப்டுச் சங்கதி அத்தனையும் ஒரு சத்தமில்லாம ஓடும். மேஸ்திரி நடுவுல நின்னு முழிப்பான். இப்ப நேத்துக்கூட, ராஜாமணி எதுத்த மாடியில துணி காயப் போட்டுட்டே, நாளைக்கு என்ன டெஸ்ட்டுன்னு கேக்கறா. காதுன்னேன். காதா, உனக்கா, உன்ற காது பாம்புக் காதாச்சேன்னு சிரிச்சா. அமுத்தியாச்சு. இன்னொண்ணு. அமுத்தியாச்சு. இந்தப் புள்ள சும்மா என்னையவே பாத்துட்டு இருக்குது, என்னத்துக்கோ.

திங்கக்கெழமைன்னா நெஞ்சைப் புடிச்சுக்கும், மில்லுல எல்லாருக்கும்தான். ஞாயித்துக்கெழம லீவு, நல்ல காத்து, திங்கக்கெழம உள்ள நுழைஞ்சதும் ஒரு கல்லைத் தூக்கி நெஞ்சு மேல வெச்சாப்பல இருக்கும், புதன் வியாழன்ல சரியாயிரும். அதுக்குத்தான் வெல்லம் குடுப்பாங்க. வெல்லம் தின்னா தூசி எறங்கீரும்னு. ஆமா, எறங்குச்சு, எங்க எறங்குச்சுன்னு இப்பத்தான தெரியுது. சங்கத்துல போய் நான்தான் கேட்டேன், வெல்லத்துக்குப் பதிலா ஒரு நல்ல காத்தாடி போட்டுக் குடுங்க சாமிகளான்னு, அன்னிக்கு எல்லாரும் சிரிச்சானுக. பங்குனியில வந்த நாலாவது தடவை மத்தியானம். சோத்தைத் தின்னுட்டுத் தட்டைக் கழுவிக்கிட்டு இருந்தவ, தண்ணியை மூடக்கூடக் கை வரலை. மூச்சு உள்ள போகுது, வெளிய வர மாட்டேங்குது. இதை அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும், காத்துல இருந்துக்கிட்டே காத்துக்கு அலையறது. கத்தலாம்னா கத்தறதுக்குக் காத்து வேணுமல்ல. சன்னல் கம்பியைப் புடிச்சு நின்னேன். எதுத்த மாடியில ராஜாமணி கீரை ஆஞ்சுட்டு இருந்தா. தொண்டையில கையை வெச்சேன், பொறவு ரெண்டு கையையும் விரிச்சேன். அவ்வளவுதான். கீரை ஒரு பக்கம் அவ ஒரு பக்கம், அந்த முழங்கால் வலிக்காரி ரோட்டைத் தாண்டி எப்படி வந்தாளோ. சத்தம் போடாமலே நான் உசுரோட வந்திருக்கறேன். அந்தச் சன்னலை உட்டுட்டுப் பதினோராவது மாடிக்கு வாங்கறயே, மடையா, அங்க யாருக்குடா நான் கையை விரிப்பேன்.

கதவு தொறக்குது. அந்தப் புள்ள வந்து குனிஞ்சு நிக்குது. கிண்ணியைக் கழட்டுது. முடிஞ்சுதா கண்ணு, பாஸான்னு கேக்கறேன். அது என்ற கையைப் புடிச்சுக்குது. அம்மா, கோவிச்சுக்காதீங்க, நான் மூணு தடவ சத்தமே குடுக்காம சும்மா கையை மட்டும் வெச்சேன், மூணு தடவையும் அமுத்தீட்டீங்கங்குது. நான் அதோட வாயையே பாத்துட்டு இருந்தேன். கொசுச் சத்தம் கேட்டுச்சே கண்ணுன்னேன். அது இல்லீங்கன்னு தலையை ஆட்டுச்சு. நீங்க என்னையப் பாத்து அமுத்தறீங்க, இப்படி எதுக்க உக்கார வெச்சதே என்ற தப்புதான், சேரைத் திருப்பிப் போட்டு இன்னொருக்கா பாக்கலாம்னுச்சு. எனக்கு வந்துச்சு பாரு கோவம். நான் என்ன ஏமாத்துக்காரியான்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. சேரைத் திருப்பிப் போட்டுட்டு, கிண்ணியை மாட்டீட்டு, கதவைச் சாத்தீட்டுப் போயிருச்சு. இப்ப எதுக்க கண்ணாடி இல்லை. ஓட்டை ஓட்டையா அட்டைதான்.

எங்க சத்தம். வரட்டும். குடும்மா. காத்திருக்கறேன். என்ற இளைப்பு கேக்குது, பூனை கத்துறாப்பல ஒரு கீச்சு, அது நெஞ்சுக்குள்ள, காதுல இல்லை. அப்புறம் அந்த ரீங்காரம், மில்லுச் சத்தம். ஓய்வு வாங்கிப் பதிமூணு வருசமாச்சு, மில்லையே இடிச்சுட்டாங்க, காதுக்குள்ள மட்டும் ஷிப்டு முடியவே மாட்டேங்குது. அதுக்கு மேல ஒண்ணும் இல்லை. ஒண்ணுமே இல்லை. அடக் கெரகமே. இத்தனை நேரம் கேட்டுதே கொசு, அது எங்க போச்சு. அந்தப் புள்ளையோட புருவத்துல இருந்துச்சா கொசு. ஒருவேளை மிசின் கெட்டுப் போச்சோ. மிசின் கெடல மயிலாத்தா, சும்மா மிசின் மேல பழியைப் போடாத. கொரோனா வருசம் ஞாபகம் வருது. ஊரே மாஸ்க்கைப் போட்டுட்டு முணுமுணுத்துச்சு, கடைக்காரன் முணுமுணுத்தான், பஸ் கண்டக்டர் முணுமுணுத்தான், நான் எல்லாத்தையும் வஞ்சேன், தொறந்து பேசுங்களேண்டா, வாயில என்ன கொழுக்கட்டையான்னு. குக்கர் விசிலை நான் எண்ணறது ஆவி வர்றதைப் பாத்து. டாக்டருக்குக்கூட ஒரு முணுமுணுப்பு. யாரும் முணுமுணுக்கலை. காதுதான் போயிருக்குது, எப்பவோ, மில்லுலயே, நான் மணிக்கட்டைத் தட்டி நேரம் கேட்டுட்டு இருந்தப்பவே போயிருக்குது, போனதுகூடத் தெரியாம கண்ணு அதோட வேலையையும் சேத்துப் பாத்துட்டு வந்திருக்குது. முப்பது வருசமா. சம்பளமில்லாத ஓவர்டைம். சிரிப்பு வருது, அழுகையும் வருது, ரெண்டுக்கும் மூச்சு பத்தலை. இப்ப என்ன பண்றது. அமுத்தலாமா. அந்தப் புள்ள எப்படிக் குடுக்குதுன்னு இத்தனை நேரம் பாத்தேனே, மூணு எண்ணி ஒண்ணு, அஞ்சு எண்ணி ஒண்ணு, அந்த லயத்துக்கு அமுத்துனா பாதியாச்சும் தேறும். கட்டைவிரல் பொத்தான் மேலதான் இருக்குது. அமுத்து, அமுத்துனா மாத்திரை, அமுத்துனா ராஜாமணி. வேண்டாம். தெரியாம அமுத்துனது வேற. தெரிஞ்சே திருடற புத்தி எனக்கு இல்லை, இந்த வயசுல அதைப் பழகவும் போறதில்லை. ஒண்ணு வந்துச்சு, கனமா, லாரி தூரத்துல உறுமறாப்பல, அது நெசம், அமுத்துனேன். இன்னும் ரெண்டு அதே மாதிரி உறுமல். அமுத்துனேன். அதுக்கு மேல வெறும் மில்லு. என்ன பெரிய காது. எனக்குக் காது வேணும்னு இவங்ககிட்ட நான் கேட்டேனா. மூச்சைக் கேட்டேன்.

கதவை லேசாத் தொறந்து தோள்ல தட்டுச்சு அந்தப் புள்ள. கிண்ணியைக் கழட்டலை, டாக்டரைக் கூட்டிட்டு வர்றேன், இருங்கன்னு கையைக் காட்டீட்டுக் கதவைச் சாத்தீட்டுப் போயிருச்சு. இருக்கறேன், எங்க போறது. ஆனா சுவரைப் பாத்துட்டு இருக்கறதுக்கு நான் என்ன தண்டனை வாங்குன பள்ளிக்கூடத்துப் புள்ளையா. எந்திரிச்சு, சேரை நானே இழுத்து, கண்ணாடியைப் பாத்துத் திருப்பிப் போட்டு உக்காந்தேன், அதுக்கே மூணு மூச்சு வாங்குச்சு. டாக்டர் இளங்கோவன் வந்துட்டாரு. அந்தப் புள்ள ஒரு காயிதத்தைக் காட்டுது, கோடு சரிஞ்சு கீழ போகுது, எனக்கே தெரியுது. பூபதி போனைப் பையில வெச்சுட்டு எந்திரிச்சு வர்றான். டாக்டரு மாஸ்க்கைத் தாடைக்கு எறக்கறாரு. ஆகா. முதல் தடவையா அவரு வாயைப் பாக்கறேன், மீசை கூட இல்லை, கண்ணாடியாட்டம் வாய். ரெண்டு காதும் ரொம்ப நாளைக்கு முந்தியே போயிருக்கு, மில்லுச் சத்தம், கீச்சுனு வர்ற சத்தம் ஒண்ணுமே கேக்கறதில்லை, இந்த மாத்திரை குடுத்தா மிச்சம் இருக்கறதும் கொறையலாம், யோசிக்கோணும்ங்கறாரு. பூபதியோட பக்கவாட்டு மூஞ்சி, இருந்தாலும் பெத்த வாய், அது எனக்குத் தெரியாதா. அப்ப வேண்டாம் சார், நான் பெங்களூரு கூட்டிட்டுப் போயிடறேன், அம்மாகிட்ட இந்த மாத்திரை ஒத்துக்காதுன்னு நீங்களே சொல்லீருங்க, நீங்க சொன்னாக் கேட்டுக்கும். ஓகோ. அப்படியா சாமி. டாக்டரு, அம்மா என்ன நெனைக்கறாங்கன்னு கேக்கலாமேங்கறாரு. கேட்டாச் சண்டைதான் வரும் சார்ங்கறான். அப்புறம் அவன் வாய் நடுங்குது. அந்த ராஜாமணி அத்தை போன் பண்ணி, மூச்சு வரலைடா பூபதின்னு சொன்னாங்க, முன்னூத்தம்பது கிலோமீட்டரு, உசுரோட இருக்குதா இல்லையான்னு தெரியாம காரை ஓட்டீட்டு வந்தேன், அந்த மாதிரி இன்னொரு போன் வந்தா நான் தாங்க மாட்டேன் சார். ஐயோ சாமி. அதை மட்டும் நான் பாக்காம இருந்திருக்கலாம். என்ற பையன்டா நீ. பயந்துட்டயாடா. எனக்குப் பயமில்லைன்னு நெனச்சயாடா, நானும்தான் ஒவ்வொரு தும்மலுக்கும் சாகறேன், அதுக்குத்தானே மாத்திரை கேக்கறேன். உன்ற பயத்துக்கும் என்ற பயத்துக்கும் ஒரே மருந்துதான், அது அந்தப் பதினோராவது மாடியில இல்லை. காதைப் பாத்து மூச்சை நிறுத்தறீங்களே, இது எந்த ஊரு நாயம்.

கையைப் பாத்தேன். பொத்தான் இன்னும் கையிலதான் இருக்குது. அமுத்துனேன். அந்தப் புள்ளையோட கண்ணாடியில பச்சைப் புள்ளி. அது மிசினைப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு. மறுபடி அமுத்துனேன். மறுபடி, மறுபடி. மூணு பேரும் திரும்பீட்டாங்க. டாக்டரு கதவைத் தொறந்தாரு.

"ஏண்டா பூபதி, மாத்திரை ஒத்துக்காதுன்னு டாக்டரைப் பொய் சொல்லச் சொல்றயா? நீங்க சொன்னாக் கேட்டுக்குமா? கேட்டா சண்டை வருமா? வரும்டா. இந்தா வருது."

பூபதிக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. "அம்மா, கதவு சாத்தியிருந்துச்சு. நீ... எப்படி?"

"முப்பத்தோரு வருசம் சாத்துன கதவுக்குள்ளதான் வேலை பாத்தேன். டாக்டருங்க, காது போயிருக்குதுன்னு இன்னிக்குத்தான் எனக்கே தெரியும். போனது போகட்டும். போனதே தெரியாமத்தான் குடும்பம் நடத்துனேன், கண்ணாலம் பண்ணி வெச்சேன், இவனைப் படிக்க வெச்சேன். மிச்சமும் போனா போகட்டும், நான் பாத்துக்கறேன், எனக்குக் கண்ணு இருக்குது, கை இருக்குது, எதுத்த ஊட்டுல ராஜாமணி இருக்கறா. மூச்சு போனா என்னத்தைங்க வெச்சுட்டுப் பேசறது? பாதகம் என்னங்கறதைச் சொல்லீட்டீங்க. எனக்கு வெளங்கீருச்சு. முடிவு என்றது. இவனுது இல்லை, உங்களுது இல்லை."

இவ்வளவையும் ஒரே மூச்சுல சொல்லலை, நடுவுல நாலு தடவ நின்னேன். டாக்டரு மாஸ்க்கை மூக்கு மேல ஏத்திக்கிட்டு என்னமோ சொன்னாரு. கண்ணு மட்டும் தெரியுது. நல்ல கண்ணுதான், ஆனா கண்ணு பேசறதில்லையே.

"அதை எறக்கீட்டு, என்ற மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க சார்."

டாக்டரு மாஸ்க்கை எறக்குனாரு, அந்தப் புள்ள உக்கார்ற ஸ்டூலை இழுத்துப் போட்டு, என்ற முட்டிக்கு எதுக்க உக்காந்தாரு. மெதுவா, ஒவ்வொரு சொல்லாச் சொன்னாரு. முதல்ல மூணு மாசம் பாக்கலாம்மா. ரீங்காரம் சாஸ்தியானாலோ, தலை சுத்துனாலோ, நெஞ்சு படபடன்னு அடிச்சாலோ அன்னிக்கே நிறுத்தோணும், அன்னிக்கே எனக்குச் சொல்லோணும். உறிஞ்சற மருந்தை உடக் கூடாது. மூணு மாசத்துக்கு ஒருக்கா இந்தப் பொட்டியில வந்து உக்காரோணும், சுவரைப் பாத்து. காதுக்கு ஒரு மிசினும் எழுதித் தாரேன். காதுக்கு மிசினு அப்புறம் பாத்துக்கலாம்ங்க சார்னேன். சிரிச்சாரு. பூபதி வெளிய மிசின் பக்கத்துல சாஞ்சு, மூக்கைத் துடைச்சுட்டு நிக்கறான், அவனைக் கூப்புட்டு ஒரு வார்த்தை சொல்லோணும், சொல்லலாம், இன்னும் நேரம் இருக்குது.

"திங்கள், புதன், வெள்ளி," டாக்டரு மூணு விரலைக் காட்டிச் சொன்னாரு. "கேட்டுச்சுங்களாம்மா?"

திங்கக்கெழமையாம். நெஞ்சு மேல கல்லை வெச்ச திங்கக்கெழமை. நான் வாயைத் தொறக்கலை. பொத்தானை அமுத்துனேன். வெளிய நின்ன பூபதி திரும்பி அந்த லைட்டைப் பாத்தான்.